வண்டி ஆறும் வரை

சூடான இரும்பின் மேல் ஈரச் சாக்கைப் போட்டால் ஒரு வாசம் வருமே, அது உங்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். எனக்குப் போன வாரம்தான் தெரிந்தது. வடாலாவில், நம்மிடம் முறுக்கு வாங்கும் மளிகைக் கடை வாசலில், குப்பென்று முகத்தில் அடித்தது. அன்றிலிருந்து மண்டை குழம்பிக் கிடக்கிறது. உங்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டால் தீர்ந்துவிடும். அதற்கும் வழியில்லாமல் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள்.

நடந்ததைச் சொல்கிறேன். நீங்கள் போனபின் நம் பிக்கப் வண்டியை ஓட்டுவது என் தம்பிதான். பண்டிகை சமயம், முறுக்கு டின்கள் அதிகம் என்பதால் அன்று நானும் கூட ஏறிக்கொண்டேன். தாராவியில் சாவியைத் திருப்பியதும் சமர்த்தாகக் கிளம்பியது. வடாலாவில் அணைத்துவிட்டுச் சரக்கை இறக்கினோம். மறுபடி திருப்பினால் கிர்கிர்ரென்று சுற்றுகிறதே தவிர இன்ஜின் பிடிக்கவில்லை. பழைய வியாதிதான். காலையில் குளிர்ந்து கிடந்தால் ஒரு குறையும் இல்லை. ஓடிச் சூடேறியபின் அணைத்தால் அசையாது. தம்பி ஸ்டியரிங்கில் ஓங்கி ஒரு அறை அறைந்தான்.

அவனைச் சொல்லியும் குற்றமில்லை. இதற்காக அவன் பார்க்காத வைத்தியம் கிடையாது. பேட்டரியை மாற்றினான். ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றிப் பிரித்து மாட்டினான். டீசல் ஃபில்டர் புதிது. குழாயில் காற்று இழுக்கிறது என்று ஒருவர் சொன்னார், குழாயையும் மாற்றினான். நைன்ட்டி ஃபீட் ரோட்டில் நிற்கிற டிரைவர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். கண் பட்டுவிட்டது என்று ஒருவர் சொல்ல, அதற்கும் எலுமிச்சம்பழம் கட்டினோம். "வித்துத் தொலைச்சிருவோம்க்கா" என்று ஒரே நச்சரிப்பு. நான் பிடி கொடுக்கவில்லை. ஏன் என்று கேட்டால் சொல்லவும் தெரியவில்லை.

அன்று கடைக்காரர் வெளியே வந்து பார்த்தார். நம் ஊர்ப் பக்கத்து ஆள்தான், உங்களை அண்ணாச்சி என்பார். "தள்ளிக்கோங்க மதினி" என்று சொல்லிவிட்டு, ஒரு சாக்கைத் தண்ணீரில் முக்கி, பானட்டைத் திறந்து உள்ளே ஏதோ ஒன்றின் மேல் போர்த்தினார். புஸ்ஸென்று ஆவி வந்தது. தம்பி ஒரு சாயா குடித்துவிட்டு வந்து சாவியைத் திருப்பினான். வண்டி எடுத்துவிட்டது!

"இது டீசல் பம்பு. அண்ணாச்சி எப்பவும் இப்படித்தான் செய்வாவ. இங்கன மட்டும் இல்ல, தேவ்நார்லயும் அப்படித்தானாம்" என்றார்.

"தானா ஆறட்டும்னு உக்காந்திருக்க மாட்டாவளா?" என்று கேட்டேன்.

அவர் சிரித்துவிட்டார். "அண்ணாச்சியா? உக்காருறதா? ஜல்தி ஜல்தினு காலுல சக்கரம் கட்டுன மாதிரில்லா நிப்பாவ."

என் வீட்டில் உட்கார்ந்திருந்த மனிதர் யார் அப்படியானால்?

மத்தியானம் வண்டியைச் சந்து முனையில் நிறுத்திவிட்டு வருவீர்கள். நான் முறுக்கு நாழியும் கையுமாக அடுப்பு முன்னால் வெந்துகொண்டிருப்பேன். சாப்பிட்ட கையோடு கிளம்புவீர்கள் என்று பார்த்தால், காலி எண்ணெய் டின் ஒன்றைக் கதவோரம் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிடுவீர்கள். "வண்டி ஆறட்டும்ளா." அவ்வளவுதான், நகரமாட்டீர்கள். உடைந்த முறுக்காகப் பொறுக்கித் தின்றபடி, எந்தப் பாலத்தைத் தோண்டிப் போட்டிருக்கிறான், மான்குர்த் சிக்னலில் யாருக்கும் யாருக்கும் கைகலப்பு என்று ஊர்க்கதை. நான் எண்ணெயைப் பார்ப்பேனா, உங்கள் கதையைக் கேட்பேனா? ஆனாலும் கேட்டேன். ஒரு நாள் அந்தக் கதையில் சிரித்து முறுக்கைக் கருகவிட்டேன். அதையும் நீங்கள்தான் தின்றீர்கள்.

பக்கத்துக் கோலியில், நம்மை ஒட்டிய அறையில் குடியிருப்பவள் விடுவாளா? "ஒன் வீட்டுக்காரவிய வண்டிக்கு மட்டும் ஏன்ட்டி ஒன் வாசலுக்கு வந்ததும் சீக்கு வருது?" என்று குழாயடியில் எல்லார் முன்னாலும் கேட்டாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அந்தக் கோபத்தை உங்களிடம் காட்டினேன். "பம்பாய்ல மெக்கானிக்கே செத்துப் போனானா? ரிப்பேரு பாருங்க" என்று கத்தினேன். "பாப்போம்ளா" என்றீர்கள். கடைசிவரை பார்க்கவில்லை.

வடாலாவிலிருந்து திரும்பும் வழியெல்லாம் இதேதான் ஓடியது. நம் வாசலில் டிரம் நிறையத் தண்ணீர் இருந்தது. அரிசிச் சாக்குக்கா பஞ்சம்? நனைத்துப் போட்டிருந்தால் சாயா ஆறுமுன் கிளம்பியிருக்கலாமே. அப்படியென்றால் எனக்காகத்தான் உட்கார்ந்தீர்களா? சந்தோஷமாக இருந்தது. உடனே ஆத்திரமாகவும் வந்தது. பெண்டாட்டி பக்கத்தில் கொஞ்ச நேரம் இருக்கவேண்டும் என்றால் வாய் திறந்து சொன்னால் என்ன குறைந்துவிடும்? இதற்கு ஒரு டீசல் பம்பைத் துணைக்குக் கூப்பிட வேண்டுமா?

அந்தச் சந்தோஷமும் ரெண்டு நாள்தான். தம்பி செம்பூரில் பம்ப் வேலை பார்க்கும் ஒருவரிடம் வண்டியைக் கொண்டுபோனான். நானும் போனேன். தேய்ந்த பம்பில், சூட்டில் இளகிப்போன டீசலுக்கு அழுத்தம் நிற்பதில்லை, ஆறினால் நிற்கும், அவ்வளவுதான் விஷயம் என்று அவர் இந்தியில் சொன்னார். சாக்கு வைத்தியத்தைச் சொன்னேன். முகத்தைச் சுளித்தார். "ரோஜ் ரோஜ், தினமும் பச்சைத் தண்ணி ஊத்தினா பம்பு ஜாம் ஆயிடும், அண்ணி. உங்க ஆளு அங்கங்கே ஊத்தினாலும் எங்கேயாவது ஒரு இடத்திலே தானா ஆற விட்டிருப்பாரு. அதான் இத்தனை நாள் ஓடியிருக்கு."

எங்கேயாவது ஒரு இடத்தில்! நிறுத்த இடம், சாப்பாடு, உட்கார டின் எல்லாம் இருக்கிற இடம். பம்புக்கு ஓய்வு கொடுக்கத்தான் வந்தீர்களா? போகிற போக்கில் கிடைத்த பேச்சுத் துணையா நான்? அவர் பம்பைப் பிரித்துப் போட்டிருந்தார். அதையே பார்த்துக்கொண்டு நின்றேன், அதில் ஏதோ பதில் இருப்பதுபோல.

பம்ப் சரியாகிவிட்டது. இப்போது எத்தனை சூட்டிலும் வண்டி எடுக்கிறது. தம்பிக்குத் தலைகால் புரியவில்லை, விற்கிற பேச்சே இல்லை. நேற்று மத்தியானம் வந்தான். நின்ற வாக்கிலேயே சாப்பிட்டான், கையைக் கழுவினான், கிளம்பிவிட்டான்.

"செத்த நேரம் இருந்துட்டுப் போயேம்ல" என்றேன்.

"எதுக்குக்கா? வண்டிதான் எடுக்குதுல்லா" என்றான்.

ஏன் என்று தெரியவில்லை, அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்தபோதுதான் அது நினைவுக்கு வந்தது.

ஒரு நாள் நீங்கள் டின்னில் உட்கார்ந்திருக்கையில் நான் கடலை மாவு வாங்கக் கடைக்குப் போனேன். திரும்பி வரும்போது, என்ன தோன்றியதோ, சந்து முனையில் நின்ற வண்டியின் பானட் மேல் கை வைத்துப் பார்த்தேன். ஜில்லென்று இருந்தது. வீட்டுக்கு வந்தால் நீங்கள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தீர்கள்.

"வண்டியைத் தாண்டித்தானே வந்தே? ஆறிட்டா?" என்றீர்கள்.

"எங்க ஆற? கைய வைக்க முடியல. இருங்க" என்றேன்.

செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி உட்கார்ந்தீர்கள். அதற்குப் பிறகு அடிக்கடி இதே கேள்வி, இதே பதில். சில நாள் வண்டிப் பக்கம் போகாமலே சொன்னேன். உங்களை நன்றாக ஏமாற்றுகிறேன் என்று உள்ளுக்குள் எனக்கு ஒரே சிரிப்பு.

யார் யாரை ஏமாற்றினோம்? எந்தப் பம்ப் எப்போது ஆறும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவர் நீங்கள். எழுந்து நாலு எட்டு நடந்தால் தொட்டுப் பார்த்திருக்கலாம். ஒரு நாளும் போகவில்லை. பானட்டைத் திறக்கக்கூடத் தெரியாத என்னிடம் போய், ஆறிவிட்டதா என்று கேட்டீர்கள். அந்தக் கேள்வி வண்டியைப் பற்றியது அல்ல என்பது இவ்வளவு காலம் என் மரமண்டைக்கு ஏறவில்லை. இப்போதும் முழுதாகப் புரிந்துவிட்டது என்று சொல்லமாட்டேன்.

ஆனால் அந்தக் கேள்வி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. மத்தியானம் ஆனால் யாரோ செருப்பு மாட்டுகிற சத்தம் கேட்கிறது. நாழியைக் கீழே வைக்காமல், திரும்பியும் பார்க்காமல் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கைய வைக்க முடியல. இருங்க.