தொலைநோக்கிக்குக் கால் தந்த வெண்குன்றம்

வானும் மழையும் தவறாதிருக்க! வெண்குன்ற நாடாளும் மாமன்னர் நெடுமுடிக்கோ அவர்களின் திருவாணைப்படி, பேரமைச்சன் இறையன்பன் வரையும் ஓலை.

முத்தும் பவழமும் கரையேறும் பவழத்துறை நாட்டின் வேந்தர், அலைகடல் காவலர், திருமிகு திரையன் வழுதியார் திருமுன்பு சேர்க. தங்கள் செங்கோலும் துறைமுகமும் கலம் செலுத்துவோரும் நலம் சிறக்க எம் வேந்தர் வாழ்த்துகிறார்.

தாங்கள் அன்புடன் அனுப்பிய தொலைநோக்கிக் குழல், நட்பு உடன்படிக்கை பேச வந்த தூதர் ஆழிநம்பியார் கையால் எம் அவை வந்து சேர்ந்தது. அதன்பின் இங்கு நிகழ்ந்ததை ஒளிவுமறைவின்றித் தெரிவிப்பது எம் கடமை.

குழல் வந்த அன்றே, அந்தி மயங்கும் வேளையில், அரண்மனை மேல்மாடத்தில் அதை மூங்கில் முக்காலி மேல் நிறுத்தி, பிறைநிலவைக் காண அவையோர் கூடினர். கண்டவர் எவருக்கும் நிலவு நிலைத்து நிற்கவில்லை. ஒருவர் கால் மாற்றி நின்றாலும் அது துள்ளிற்று. விரல் பட்டாலோ பார்வையை விட்டே ஓடிற்று. எம் படைத்தலைவர் பொறுமையிழந்து, கண்ணாடியே பழுது என்று உரக்கச் சொல்லிவிட்டார். சிலர் நகைத்தனர். ஆழிநம்பியார் முகம் சிவந்து, தம் வேந்தரின் பரிசுக்கு மதிப்பில்லாத அவையில் உடன்படிக்கை பேசுதல் தகாது என்றும், விடிந்ததும் புறப்பட விடை தர வேண்டும் என்றும் கேட்டார். இரு நாட்டு நட்பும் அந்த மாடத்திலேயே முறியும் நிலை வந்தது.

அப்போது முன்வந்தவர் அரண்மனைப் பெருமருத்துவர் எழினிநங்கையார். வானைக் காண்பது அவர் தொழிலன்று, ஆசை. நோயாளிகளைக் கவனித்து முடித்ததும் விண்மீன்களைப் பார்க்காமல் அவருக்கு உணவு இறங்காது. பழுது குழலிலா, அதைத் தாங்கும் காலிலா என்று ஆராயாமல் பழி சொல்வது முறையன்று, தூதர் சில நாள் பொறுத்தருள வேண்டும் என்று அவர் பணிந்து வேண்டினார். ஆழிநம்பியார் அரைமனத்துடன் இசைந்தார்.

மறுநாள் மாலை எழினிநங்கையார் இரண்டு நெல்மூட்டைகளை மதிற்கல் மேல் கிடத்தி, அவற்றின் நடுவே குழலைப் பதித்து நிலவை நோக்கினார். குழிகளும் மேடுகளும் ஊசிமுனையால் கீறியதுபோல் தெளிந்து நின்றன. கண்ணாடி மாசற்றது என்று அறிந்ததும் அவர் வாய்விட்டுச் சிரித்ததை வாயிற்காவலர் சொல்லக் கேட்டோம்.

ஆயினும் வானம் நகர்கிறது, மூட்டை நகராது. எனவே தச்சரையும் கொல்லரையும் அழைத்துத் தேக்கில் ஒரு பீடம் செய்வித்தார். அன்னமும் கொடியும் செதுக்கிய அப்பீடம் கண்ணுக்கு அழகு. குழலை ஏற்றியதும் முன்பாரம் தாளாமல் தலைகவிழ்ந்தது. அவையோர் முன்னிலையில் நேர்ந்த அந்தத் தோல்வி அவரைச் சுட்டது. அன்றிரவு அவர் உண்ணவில்லை. இருப்பினும் பொழுது விடிந்ததும் கொல்லன் உலைக்கு அவரே நடந்து சென்று, அழகு வேண்டாம், அசையாமை வேண்டும் என்றார்.

இரண்டாம் பீடம் குள்ளமானது, அகன்றது. அடி கருங்கல், அச்சு கைப்பருமன் இரும்பு, குழலின் பாரத்துக்கு ஈடாக மறுமுனையில் ஈயக்கட்டி. ஆட்டுக்கல்லுக்கு முடிசூட்டியிருக்கிறார்கள் என்று படைத்தலைவர் கேலி பேசினார். எழினிநங்கையார் அவர் கையையே பிடித்துப் பீடத்தைத் தட்டச் சொன்னார். காட்சி ஒருமுறை நடுங்கி, மூச்சு விடுமுன் அமைந்தது. சுண்டுவிரலால் தள்ளினால் குழல் நகர்ந்தது. விட்ட இடத்தில் நின்றது. படைத்தலைவர் நெடுநேரம் கண்ணை எடுக்கவில்லை. பின்னர் தாமே தூதரிடம் சென்று, அவை நடுவே பொறுத்தருளக் கேட்டார்.

அடுத்து ஆழிநம்பியார் நோக்கினார். மேற்கு வானில் சனிக்கோள், தன்னைச் சூழ்ந்த வளையத்துடன், ஆடாமல் அசையாமல் நின்றது. அவர் எம் பக்கம் திரும்பி, "எங்கள் கண்ணாடியின் அருமையை உங்கள் கல்லின் மேல் வைத்தே கண்டேன்" என்றார். உடன்படிக்கை மறுநாளே கையெழுத்தாயிற்று.

என்ன பரிசு வேண்டும் என்று எம் வேந்தர் வினவ, வானில் ஆசையுள்ள எவரும், எத்தொழில் செய்வோராயினும், மாலைதோறும் மேல்மாடம் ஏற இசைவு வேண்டும் என்றார் எழினிநங்கையார். இன்று அங்கே சலவையாளரும் வணிகரும் படைவீரரும் வரிசையில் நிற்கிறார்கள். எம் வேந்தரும் அவ்வரிசையில் நின்றே காண்கிறார்.

ஆகவே எம் வேந்தரின் கட்டளை: இந்நாட்டில் தொலைநோக்கி அமைப்போர் முதலில் பீடத்தை அமைத்து, அது அசையாதென்று கண்ட பின்னரே குழலை ஏற்றுக. தங்களுக்கும் அத்தகைய பீடம் ஒன்றைக் கைம்மாறாக அனுப்புகிறோம். வழியிலுள்ள சுங்கத்தாரும் துறைக்காவலரும் தடையின்றி விடுக.

தங்கள் குழலை ஒரு வீரர் தோளில் சுமந்து வந்தார். எங்கள் பீடத்தை நான்கு எருதுகள் மூச்சு வாங்க இழுத்து வருகின்றன. இதைச் சொல்ல எமக்குக் கூச்சமில்லை, வேந்தே, பெருமையே.

வெண்குன்ற முத்திரை பதித்து, அவையறிய அனுப்பப்பட்டது.