என் பக்கமே சரிகிறார்

3 மார்ச் 2025, திங்கள்

இன்றும் ராதாகிருஷ்ணன் அங்கிள் என் பக்கமே சரிந்தார். எண்பத்தெட்டு கிலோ. வாதம் வந்து ஒரு கையும் காலும் விழுந்துவிட்ட மனிதர். அவரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்ற, அடியில் விரித்த துணியை ஆளுக்கொரு பக்கம் பிடித்து, கூட வேலை செய்யும் மலரும் நானும் தூக்குகிறோம். "சாத்து, டுவா, தீகா" என்று மலாயில் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுவது அவள்தான். எண்ணி முடிப்பதற்குள் பாரம் என் மேல் வந்துவிடுகிறது. இந்த முதியோர் இல்லத்தில் இப்படிப் பதினான்கு பேர், காலையும் மாலையும். பதினொரு வருடமாகத் தூக்குகிறேன். இப்படி இருந்ததில்லை.

6 மார்ச்

தலை சீவக் கை மேலே போகவில்லை. காப்பாரிலிருந்து கிள்ளானுக்கு மோட்டாரில் வரும்போது பிரேக் பிடிக்க இரண்டு விரல் மறுக்கிறது. ஒருத்தி தன் பங்கையும் என் தலையில் கட்டினால் வேறென்ன ஆகும்?

8 மார்ச்

கவனித்துவிட்டேன். மலர் தன் பக்கத்தைச் சட்டென்று உயர்த்துகிறாள். அதனால்தான் அங்கிள் என் பக்கம் உருள்கிறார். என்ன கெட்டிக்காரத்தனம்!

ஸ்டோரில் மேட்ரனோடு ஏதோ குசுகுசுத்துக்கொண்டிருந்தாள். நான் உள்ளே போனதும் டவலைப் பற்றிப் பேசினார்கள். டவலைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது? எனக்கு நாற்பத்தொன்பது, அவளுக்கு முப்பது. நான் போனால் பகல் ஷிஃப்டுக்கு அவள்தான் பெரிய ஆள்.

11 மார்ச்

அங்கிள் விழப் பார்த்தார். துணி என் கையிலிருந்து நழுவிவிட்டது. மலர் முழங்காலைக் கொடுத்துத் தாங்கினாள். அங்கிள் அழுதார்.

நேரே மேட்ரன் நிரஞ்சனியிடம் போனேன். "மலர் ஒழுங்கா தூக்க மாட்டேங்கிறா மேடம். ஒரு நாள் யாரையாச்சும் கீழ போட்டுருவா."

மேடம் கூப்பிட்டுக் கேட்டபோதும் மலர் ஒரு வார்த்தை பேசவில்லை. குற்றமுள்ளவள் எப்படிப் பேசுவாள்?

12 மார்ச்

மலரைத் துணி துவைக்கும் இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். நிம்மதி.

14 மார்ச்

புதுத் துணை பிரவின். நல்ல உடற்கட்டு. அங்கிள் என் பக்கமே சரிந்தார். இவனுமா? மலர் சொல்லிக்கொடுத்திருப்பாளோ?

15 மார்ச்

இடம் மாறி நிற்கலாம் என்றேன். அவன் சுவர்ப் பக்கம், நான் ஜன்னல் பக்கம். அங்கிள் ஜன்னல் பக்கம் சரிந்தார்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க லா. நான் தூக்கிட்டேன். உங்க பக்கம் எழும்பவே இல்ல."

குனிந்து பார்த்தேன். துணியைப் பிடித்த என் கை மெத்தையிலேயே கிடந்தது. தூக்கிக்கொண்டிருப்பதாகத்தான் நினைத்திருந்தேன். ஐயோ — அப்போ இத்தனை நாளா?

17 மார்ச்

கிளினிக். கைத் தசை ஓய்ந்துபோயிருக்கிறதாம். எப்போது ஆரம்பித்தது என்று டாக்டர் கேட்டார். தீபாவளிக்கு முன்பே என்றேன். "அப்ப இவ்ளோ மாசமா எப்படித் தூக்குனீங்க?" என்றார். நான் எங்கே தூக்கினேன்.

மேட்ரனிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். "அன்னைக்கு ஸ்டோர்ல மலர் அங்கிளுக்கு மூணாவது ஆள் வேணும்னு கேட்டா. ஏன்னு கேட்டேன், சொல்லல," என்றார்.

நாக்கில் நரம்பில்லாமல் பேசிவிட்டேனே.

27 மார்ச்

மூன்று மாதத்துக்கு எனக்குத் தூக்கும் வேலை கிடையாது. சோறு ஊட்டுகிறேன். மலர் திரும்பி வந்துவிட்டாள். மன்னிப்புக் கேட்டதற்கு, "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்க்கா," என்றாள். அதன்பிறகு பேச்சில்லை.

மதியம் என் தண்ணீர்ப் போத்தலைத் திறக்க முடியவில்லை. டவலில் பிடித்துத் திருகியும் வரவில்லை. மலர் வந்து வாங்கித் திறந்து, என் முன்னால் வைத்துவிட்டுப் போனாள். முகத்தைப் பார்க்கவில்லை. குடித்தேன்.