அப்பாயியின் அம்மா பெயர்

கட்டுகஸ்தோட்டை
16.08.2024

அன்பு மகள் சஞ்சீவனிக்கு அப்பா எழுதுவது. நீயும் மருமகனும் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் நல்லபடியாக இருக்க முருகனை வேண்டிக்கொண்டு தொடங்குகிறேன். இங்கே நானும் அம்மாவும் சுகம். என் மரியாதைக்கு மட்டும் கொஞ்சம் சுகமில்லை, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போன் கோலில் சொல்லலாம் என்றால் உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து வரிக்கு வரி திருத்துவாள். அதனால் அவள் வெள்ளிக்கிழமைக் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து எழுதுகிறேன். தபாலில் போட்டால் பிள்ளை பிறந்து நடக்கிற காலத்தில்தான் மெல்பேர்னுக்கு வந்து சேரும், ஆகையால் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன், எழுத்து கோணலாகத் தெரிந்தால் பெரிதாக்கிப் பார்.

அப்பாயியின் கருமாதி போன ஞாயிற்றுக்கிழமை முடிந்தது. எட்டு மாத வயிற்றோடு உன்னால் பிளேன் ஏற முடியாது என்று எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் ஒரு வார்த்தை குறையாகச் சொல்லவில்லை, நீ அதையே நினைத்து அழுதுகொண்டிருக்காதே. தொண்ணூற்று மூன்று வயது, ஒரு நாள் படுக்கையில் கிடக்கவில்லை. காலையில் தேத்தண்ணி குடித்து, சீனி காணாது என்று உன் அம்மாவிடம் குறையும் சொல்லிவிட்டுப் போய்ச் சாய்ந்தவர்தான். கருமாதிக்கு மடவளையில் வாடகைக் கடை வைத்திருக்கும் பளீல் கதிரையும் கூடாரமும் கொண்டுவந்து தந்தார், நூறு பேருக்குக் குறையாமல் வந்தார்கள். நான் எல்லா ஏற்பாட்டையும் ஒரு கொப்பியில் எழுதி, அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கலியாண மாப்பிள்ளை மாதிரி அங்கும் இங்கும் நடந்தேன். காணிப் பத்திரம் எழுதும் நொத்தாரிசு ஐயாவின் கந்தோரில் முப்பத்தைந்து வருடம் கிளாக்கராக இருந்தவன், என் கையில் ஒரு காரியம் பிசகாது என்ற நினைப்பு எனக்கு எப்போதும் உண்டு என்பது உனக்குத் தெரியும்.

காரியம் செய்ய வந்த பண்டாரம் என் விரலில் தர்ப்பையை மாட்டி, மோட்சம் போனவங்க பேரச் சொல்லுங்க என்றார். அங்கம்மா என்றேன். அவங்க அம்மா பேரச் சொல்லுங்க என்றார். மகளே, இந்த அறுபத்தாறு வயதில் என் அம்மாவைப் பெற்றவளின் பெயர் எனக்குத் தெரியாது. பக்கத்தில் குனிந்து கேட்கலாம் என்றால் கூடப் பிறந்தவர்களும் எனக்கு இல்லை. பண்டாரம் இன்னொரு தரம் கேட்டார். தெரியாது என்று சொல்ல வெட்கம். வாயில் வந்த முதல் பெயரைச் சொன்னேன். கமலம் என்று. அவரும் அந்தப் பெயரைச் சொல்லி எள்ளும் தண்ணீரும் விடச் சொன்னார், நானும் பக்தியோடு விட்டேன். கமலம் வேறு யாருமில்லை, உன் அம்மாயி, என் மாமியார். நாவலப்பிட்டியிலிருந்து காலை பஸ்ஸில் வந்து முன் வரிசையில் வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

உன் அம்மா சபை என்றும் பார்க்கவில்லை. எங்கம்மா உசுரோட உக்காந்திருக்காங்க, அதுக்குள்ள எள்ளுத்தண்ணி எறச்சிட்டீங்களே என்றாள். அம்மாயிக்குத்தான் கோபம் வரவில்லை. இருக்கட்டும் மாப்பிள்ள, செத்தப்புறம் ஊத்துவீங்களோ இல்லியோ, இப்ப என் கண்ணால பாத்துட்டேன் என்றார். கூடாரமே சிரித்தது. பண்டாரம் சிரிப்பை அடக்க முடியாமல் சொம்புக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் சிரித்தேன், வேறு என்ன செய்வது. இப்போது கடைக்குப் போனால் பாண் வாங்கும் முன்பே மாமியார் சுகமா என்று விசாரிக்கிறார்கள்.

எல்லோரும் போன பிறகுதான் உறைத்தது. என் அம்மாவைப் பற்றி எனக்கு என்னதான் தெரியும் என்று யோசித்துப் பார்த்தேன். பன்னிரண்டு வயதில் தேயிலைத் தோட்டத்தில் கூடை எடுத்தவர், முப்பத்தெட்டு வருடம் கொழுந்து பறித்தவர், அப்பா போன பிறகு ஒற்றை ஆளாக என்னைப் படிக்க வைத்தவர். இந்த வீட்டுக்கு வந்த பிறகும் கை சும்மா இருக்காது, வேலிச் செம்பருத்தியின் துளிரை நாள் தவறாமல் கிள்ளி வேலியையே மொட்டையாக்கிவிடுவார். நான் ஏசினால், தொரைக்குக் கோவம் வந்துருச்சு, அரைப் பேரு போடப் போறாரு என்பார். அரைப் பேர் என்றால் தோட்டத்தில் பாதிச் சம்பளம். இவ்வளவுதான் தெரியும். எனக்கு அம்மாவாக இருந்த நாள் தொட்டுத்தான் அவரை எனக்குத் தெரியும், அதற்கு முன் அவரும் யாருக்கோ மகளாக இருந்தார் என்று ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

எங்காவது எழுதியிருக்கும் என்று அலுமாரியைக் கிளறினேன். பிறப்புச் சான்றிதழ் அவருக்குக் கிடையாது. கடைசியில் எண்பத்தெட்டில் பிரஜாவுரிமைக்காகக் கொடுத்த சத்தியக் கடதாசியின் நகல் அகப்பட்டது. அப்போது தோட்டத்தில் ஐம்பது பேருக்கு நான்தான் எழுதினேன், சனி ஞாயிறில் எங்கள் லயத்து வீட்டு வாசலில் வாங்கைப் போட்டு உட்கார்ந்து. ஒவ்வொருவரிடமும் அப்பா பேர் என்ன, அம்மா பேர் என்ன என்று துருவித் துருவிக் கேட்பேன். ஒரு இடம் வெறுமையாக இருந்தாலும் போய் விசாரித்துக்கொண்டு வா என்று திருப்பி அனுப்புவேன். என் அம்மாவிடம் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. எனக்குத் தெரியாததா என்ற திமிர். தாயின் பெயர் என்ற இடத்தில், எழுந்து போய்க் கேட்காமல், என் அழகான எழுத்தில் தெரியாது என்று எழுதியிருக்கிறேன். அவர் உள்ளே எனக்குத்தான் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்திருப்பார், பத்தடி தூரம் இருக்காது. அந்தச் சொல்லுக்குக் கீழே அவருடைய பெருவிரல் ரேகை. வாசிக்கத் தெரியாத மனுசி, மகன் எழுதினால் சரியாகத்தான் இருக்கும் என்று மையைத் தொட்டு அழுத்தியிருக்கிறார். அதைப் பார்த்து அழுதுவிட்டேன், சஞ்சீவனி.

அவருடைய தங்கை எழுபத்து நாலில் இந்தியாவுக்குக் கப்பலேறினார், இப்போது இல்லை. தோட்டத்திலும் அந்தத் தலைமுறையில் ஒருவரும் மிச்சமில்லை. இனி இருப்பது நீ ஒருத்திதான். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பின்வாசலில் உனக்குத் தலை சீவிக்கொண்டே அப்பாயி தன் சின்ன வயதுக் கதையெல்லாம் சொல்லுவார். எங்கம்மா, எங்கம்மா என்று என் காதிலும் விழும். பேப்பர் வாசிக்கிறேன், சத்தம் போடாதீர்கள் என்று இரண்டு பேரையும் அதட்டியிருக்கிறேன். என்ன பெரிய செய்தியை வாசித்தேனோ, ஒரு வரி ஞாபகமில்லை. வருகிற இருபத்தைந்தாம் திகதி முப்பதாம் நாள் படையல். பண்டாரம் மறுபடியும் கேட்பார், அம்மாயியும் மறுபடியும் முன் வரிசைக்கு வருவாராம்.

கால் வீங்கினால் நின்றுகொண்டு சமைக்காதே, மருமகனுக்கும் சோறு வடிக்கத் தெரியட்டும். கீரை சாப்பிடு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் பையை இப்போதே கட்டி வை. அப்பாயி எங்கே இருந்தாலும் உனக்குக் காவலாக இருப்பார். தாயும் பிள்ளையும் நோய் நொடியில்லாமல் நீடூழி வாழ வேண்டும் என்று நானும் அம்மாவும் ஆசீர்வதிக்கிறோம்.

அந்தப் பெயரை யோசித்துப் பார்த்து எழுது. முழுதாக வராவிட்டால் முதல் எழுத்தாவது போதும். ஒன்றுமே ஞாபகத்தில் இல்லையென்றால் கடிதத்தில் அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிடு மகளே. தெரியாது என்று மட்டும் எழுதாதே, அதை நான் ஏற்கெனவே ஒரு தடவை எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா,
அங்கம்மா மகன் ராஜரத்தினம்