துணிக்கொடி வாசித்த செய்தி

அன்புள்ள என்னவருக்கு,

இங்கே அண்ணன் வீட்டில் எல்லோரும் நலம். உங்கள் இருமல் குறைந்ததா? எனக்குக் கை நடுக்கம் அடியோடு நின்றுவிட்டது. ஆபரேஷன் செய்து மூளைக்குள் வைத்த கம்பியும், நெஞ்சுத் தோலுக்கடியில் வைத்த பெட்டியும் ஒழுங்காக வேலை செய்கின்றன. இன்று காலை ஊசியில் நூல் கோத்தேன். அண்ணி வாங்கிப் பார்த்துவிட்டு, என்னாலேயே முடியலையேடி என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

உங்கள் கடிதம் கிடைத்தது. ரேடியோ அலையை அளக்கும் மீட்டரைத் தூக்கிக்கொண்டு, ஸ்டேஷன் கோபுரத்தடியில் இருக்கும் நம் வீட்டை அறை அறையாக அளந்தீர்களாம். சமையலறையில்கூட அலை வரம்புக்குள்தான் இருக்கிறது, கிளம்பி வா என்று எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் பெட்டி கட்டிவிடலாம் போலிருந்தது. ஆனாலும் டாக்டரிடம் காட்டினேன். அந்த வரம்பு மற்றவர்களுக்கு, தலைக்குள் கம்பி இருப்பவர்களுக்கு இல்லை என்றார். கம்பியின் நுனி சூடாகலாம், பெட்டி தாறுமாறாக ஓடலாம். செல்போன், மிக்சிக்கெல்லாம் பயப்பட வேண்டாமாம். ஒலிபரப்புக் கோபுரத்தடியில் குடியிருக்க மட்டும் கூடாதென்று கறாராகச் சொல்லிவிட்டார்.

இதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? குடிவந்த புதிதில் ஈரத்துணி போடப் போனேன், துருப்பிடித்த கம்பிக்கொடி கரகரவென்று செய்தி வாசித்தது. பேய் என்று கத்திக்கொண்டு ஓடி வந்தேன். பேய் இல்லடி, நம்ம ஸ்டேஷன்தான், கம்பின்னா அலையைப் பிடிக்கத்தான் செய்யும் என்று வயிறு வலிக்கச் சிரித்தீர்கள். அப்புறம் பழைய டியூப்லைட்டைக் கையில் பிடித்து, மின்சாரமே இல்லாமல் எரிய வைத்துக் காட்டினீர்கள். அன்றைக்கு உங்களைப் பெரிய மந்திரவாதி என்றே நம்பினேன்.

அந்த வீட்டை நினைத்தால் நீங்கள் போட்டுத் தரும் டீதான் நினைவுக்கு வருகிறது. நடுக்கம் வந்த பிறகு இரண்டு பேருக்கும் அரை டம்ளர் டீதான் ஊற்றுவீர்கள். எனக்கே இதுக்கு மேல இறங்காதும்மா என்பீர்கள். நான் சிந்திவிட்டுக் கூசக்கூடாது என்றுதான் உங்கள் டம்ளரையும் குறைத்தீர்கள். எனக்குத் தெரியாதென்றா நினைத்தீர்கள்?

பராமரிப்புக்காக ஒலிபரப்பை நிறுத்தும் நாளில் வீட்டுக்கு வரலாமா என்று டாக்டரிடம் கேட்டேன். முழுவதும் நிறுத்தியிருந்தால் போய்வரலாம் என்றார். அண்ணனோடு வருகிறேன். யாரும் தெரியாமல் ஒலிபரப்பைப் போட்டுவிடாதபடி, நான் திரும்பும்வரை சுவிட்சு அறைச் சாவி உங்கள் சட்டைப்பையை விட்டு வெளியே வரக்கூடாது. இது டாக்டர் சொன்னதில்லை, நான் சொல்வது.

வருவது தங்குவதற்கில்லை, சாமான் கட்ட. மாற்றலுக்கு எழுதிக் கொடுங்கள். அந்தக் கோபுரத்தை விட்டு வர உங்களுக்கு மனசு வராது, தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன்.

அன்று டீ நான் போடுகிறேன். டம்ளர் தளும்ப ஊற்றி, நானே நடந்து வந்து உங்கள் கையில் தருகிறேன். மிச்சம் வைக்காமல் குடியுங்கள்.

உங்களையே நினைத்துக்கொண்டிருக்கும்,
வாயாடி