மதகடிப்பட்டில் சர்க்கரை போடாத ரொட்டி

சேசு மரி சூசை துணை

செலியமேடு

அன்பு மகள் ஸ்டெல்லாவுக்கு அப்பா எழுதுவது. சர்வேசுரன் கிருபையில் நானும் உன் அம்மாவும் இங்கே சுகம், பிரான்சில் நீயும் மாப்பிள்ளையும் பேரன் லூக்காவும் அப்படியே இருக்க தினமும் செபமாலையில் வேண்டிக்கொள்கிறோம். நான் சுகம் என்று சொன்னால் இந்த ஊரில் இப்போது ஒருவரும் நம்புவதில்லை, அதைப் பிறகு சொல்கிறேன். போனில் பேசினால் பாதியிலேயே விடுப்பா வேணாம்பா என்பாய், கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது, அதனால்தான் எழுதுகிறேன்.

கிறிஸ்துமசுக்கு வருகிறீர்கள் என்றதும் உன் அம்மா அன்றைக்கே வெள்ளையடிக்க ஆள் தேட ஆரம்பித்தாள். மறுநாளே புதுச்சேரியில் ஓட்டல் ரூம் போட்டுவிட்டதாக நீ சொன்னாய். சரிம்மா என்றேனே தவிர அன்றிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. போன தடவை பிள்ளை சோறு இட்லி எதையும் தொடாமல் ரொட்டி கேட்டு அழுததும், பாகூரில் நான் வாங்கிவந்ததை ஒரு கடி கடித்துத் துப்பியதும், மூன்றாம் நாளே நீ பெட்டியைக் கட்டியதும் கண்ணிலேயே நிற்கிறது. நல்ல ரொட்டி கிடைத்தால் நீங்கள் வீட்டிலேயே தங்குவீர்கள் என்று நினைத்து வண்டியை எடுத்தேன்.

பாகூரில் மூன்று பேக்கரியும் பார்த்துவிட்டேன், எல்லாம் பஞ்சு மாதிரி இருக்கிறது, இனிக்கிறது, மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. மளிகைக் கடை ரொட்டியில் தேதியைப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துவிட்டேன். புதுச்சேரியில் உங்கள் பிரான்சு நீள ரொட்டி கிடைக்கிறது, ஆனால் பிளாஸ்டிக் பையில் சுற்றிப் பஸ்ஸில் கொண்டுவந்தால் வீடு சேர்வதற்குள் தோல் மாதிரி ஆகிவிடுகிறது. உன் அம்மா அதைச் சூடாக்குகிறேன் என்று இட்லிப் பானையில் வைத்து ஆவி காட்டினாள், எடுத்தால் ஈரத்துணியாகத் தொங்கியது. அவளைத் திட்டினேன், பிறகு நான்தான் தின்றேன். கடைசியில் மதகடிப்பட்டில் ஒரு பேக்கரிக்காரரிடம் சர்க்கரை போடாமல் செய்துதரச் சொன்னேன். சர்க்கரை இல்லாம ரொட்டியா, வூட்டுல யாருக்குங்க சுகரு என்றார். பத்தாக எடுத்துக்கொண்டால் செய்வாராம். நீ போனில் அந்த ஊர் ரொட்டியை மொறுக்கென்று உடைத்துக் காட்டினாயே, அந்தச் சத்தம் வருகிறதா என்று கடையிலேயே ரொட்டியைக் காதில் வைத்து அழுத்திப் பார்க்கிறேன், ஆட்கள் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

இதில்தான் வம்பு வந்தது. நம் தெருவில் ரொட்டி வாங்கினால் யாருக்கோ காய்ச்சல் என்று அர்த்தம், உனக்குத் தெரியாததா. நானோ வாரம் இரண்டு தடவை பத்துப் பத்தாகக் கொண்டுவந்தேன். பக்கத்து வீட்டுப் பவுனம்மாள் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து, அண்ணனுக்கு உடம்புக்கு இன்னா, பெரிய ஆஸ்பத்திரியில இன்னா சொன்னாங்க என்று அழுகிறாள். ஒன்றுமில்லை என்று உன் அம்மா சொன்னால், மறைக்காத லில்லி என்கிறாள். போன ஞாயிறு பூசையில், நோயுற்றிருக்கும் மரியதாசுக்காக மன்றாடுவோம் என்று படித்துவிட்டார்கள். கோவிலே சேர்ந்து, ஆண்டவரே எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் என்றது. மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்த நானும் பழக்கத்தில் சேர்ந்து சொல்லிவிட்டேன். உன் அம்மா சிரிப்பை அடக்க முக்காட்டை இழுத்து மூடிக்கொண்டாள், அதைப் பார்த்தவர்கள் அழுகிறாள் என்று நினைத்தார்கள்.

நேற்றைக்குக் கொண்டுவந்தது ஐந்தாவது தடவை செய்த ரொட்டி. மேலே மொறுமொறுப்பு இருக்கிறது, இனிப்பு இல்லை, உள்ளே மட்டும் கொஞ்சம் கெட்டி. இது சரியா தப்பா என்று எனக்குத் தெரியவில்லை அம்மா, நான் அந்த ஊர் ரொட்டியைத் தின்றவன் இல்லை. லூக்கா கடித்துப் பார்த்தால்தான் தெரியும். அவன் துப்பினாலும் துப்புவான். உன் மேல் எனக்குக் கோபமில்லை, பசித்த பிள்ளையை வைத்துக்கொண்டு யாரும் இருக்க முடியாது. ஆனால் நீ போன அன்றைக்கு உன் அம்மா, நம்ம வூடு அவ்ளோ மோசமாயிடுச்சா என்று என்னைக் கேட்டாள். அவன் சாப்பிடாவிட்டால் தினமும் காலையில் நானே புதுச்சேரிக்குக் கூட்டிப்போய், வயிறாரத் தின்னவைத்துக் கூட்டிவருகிறேன். படுக்க மட்டும் நம் வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பு, பேரனுக்கு ஆயிரம் முத்தம். மாதா உங்களைக் கைவிடாமல் காப்பாள். குளிரில் பிள்ளையின் காதை மூடி அனுப்பு. பதிலில் வேறு எதுவும் எழுத வேண்டாம், எத்தனை நாள் தங்குவாய் என்று மட்டும் எழுது.

உன் அப்பா,
மரியதாஸ்