பிறந்த வீட்டுத் தாழ்ப்பாள்

ஜூன் 9, 2025

என் கர்ப்பப்பையை எடுத்துவிட வேண்டும் என்று பொள்ளாச்சி டாக்டர் சொல்லிவிட்டார். ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். என் கணவர் சென்னிமலையும் கூட இருக்க வேண்டும். செய்தி எங்களுக்கு முந்தின பஸ்ஸிலேயே கேரளப் பக்கம் இருக்கும் எங்கள் கொழிஞ்சாம்பாறைக்கு வந்து இறங்கிவிட்டது. விசாரிக்க வந்தவர்களில் ஒருவரும் கர்ப்பப்பையைப் பற்றிக் கேட்கவில்லை. "புள்ளைய எங்க உடுவீங்க?" என்றுதான் கேட்டார்கள்.

புள்ளை, அதாவது எங்கள் மகள் மௌனிகா. பதினெட்டு முடிந்துவிட்டது. அரசாங்கத்தைத் தேர்ந்தெடுக்கலாம். அடுப்பைப் பற்றவைக்கலாமா என்பதில்தான் சொந்தபந்தத்துக்குள் இன்னும் முடிவு எட்டப்படவில்லை.

ஜூன் 10

நாத்தனார் கமலாத்தாள் வந்தார். அடுத்த தோட்டம்தான். "அம்முணிய நான் கூட்டிட்டுப் போயிர்றேன்" என்றார். கேட்கவில்லை, அறிவித்தார். சென்னிமலை, "சரிங்க அக்கா" என்றார். அக்காவிடம் அவர் இதுவரை பேசியிருக்கும் ஒரே வாக்கியம் அது. என்னைக் கட்டிக்கொண்டதும் அந்த வாக்கியத்தால்தான் என்பதால் நான் குறை சொல்வதற்கில்லை.

நாத்தனார் போனதும் மௌனிகா வந்து நின்றாள்.

"நான் போகலைங்கம்மா. அங்க எந்நேரமும் டிவி ஓடுது. எல்லாரும் ஒண்ணாப் பேசறாங்க. நான் இங்கயே இருக்கறேன்."

"தனியாவா?"

"தனியாத்தான்."

போன வருஷம் கோயில் நோம்பிக்கு அங்கே போனபோது காதைப் பொத்திக்கொண்டு குளியலறையில் உட்கார்ந்தவள், நாங்கள் போய்க் கூட்டி வரும்வரை எழுந்திருக்கவில்லை. ஆட்டிசம் என்று டாக்டர் சொன்னது அவள் சின்னக் குழந்தையாக இருந்தபோது. நாத்தனார் அதை இன்றுவரை ஒருவகைக் கண்ணேறாகவே கருதுகிறார். அவள் குளியலறையில் உட்கார்ந்த அன்றும் திருநீறு மந்திரித்துத்தான் கொண்டுவந்தார்.

ஜூன் 14

ஒத்திகை. குக்கர் விசில் அவளுக்கு ஆகாது என்று இத்தனை வருடம் சோற்றை வடித்துக்கொண்டிருந்தேன். இன்று அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, குக்கரின் வெயிட் எழும்புவதைக் கண்ணால் பார்த்து அடுப்பை அணைத்தாள். இது எனக்கு ஏன் தோன்றவில்லை? நான் எம்.ஏ., பி.எட்.

அப்புறம் கதவு. சென்னிமலை அந்நியராக நடித்தார். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, கதவைத் தட்டி, மலையாளத்தில் கரண்ட் ஆபீஸிலிருந்து வருவதாகச் சொன்னார். மௌனிகா ஜன்னல் வழியாகப் பார்த்து, "கார்டு காட்டுங்கப்பா" என்றாள். அவரிடம் இல்லை. வெளியிலேயே நின்றார்.

ஜூன் 15

பயிற்சி யாருக்கு என்று புரியவில்லை.

ஜூன் 17

கரண்ட் போனா என்ன பண்ணுவா? பாம்பு வந்தா? காய்ச்சல் வந்து எழுந்திருக்க முடியலைன்னா? பேசாம அக்காகூடவே போகட்டும்னு சொல்லிரலாமா? வாயை மூடிட்டுப் போயிருவா, குளியலறையில உக்காந்துக்குவா, அது பழகினதுதானே —

எழுதிய பிறகு படித்துப் பார்த்தேன். இவ்வளவு கேள்விக்குப் பின்னால் ஒளிந்திருப்பது ஒரே கேள்வி. நாங்கள் இல்லாமலே போன பிறகு அவள் எங்கே, எப்படி இருப்பாள்? அதைக் கேட்காமல் பாம்பைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இருக்கட்டும். இங்கேயே இருக்கட்டும்.

ஜூன் 20

நாளைக்கு ஆபரேஷன். வார்டில் படுத்துக்கொண்டு எழுதுகிறேன். மௌனிகா வாசல் வரை வந்து, "போயிட்டு வாங்க" என்றாள். நாங்கள் ஆட்டோவில் ஏறுவதற்குள் உள்ளே தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. எதிர்வீட்டு சித்ரா, கூப்பிட்டால் மட்டும் வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறாள். அக்காவிடம் விஷயத்தைச் சொல்லும் பொறுப்பை சென்னிமலை ஏற்றுக்கொண்டிருந்தார்.

ஏற்றுக்கொண்டதோடு சரி என்று இப்போது தெரிகிறது. இன்னும் சொல்லவில்லை.

ஜூன் 22

ஆபரேஷன் முடிந்தது. வலி இருக்கிறது. அது கிடக்கட்டும்.

சாயங்காலம் போன் வந்தது. சென்னிமலை எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். ஆகவே வார்டு முழுவதும் பேசியது.

"ஏண்டா சென்னி, நான் பொறந்த ஊட்டு வாசல்ல நிக்கறன். உம்பட புள்ள கதவத் தெறக்க மாட்டீங்குது."

பின்னாலிருந்து மௌனிகாவின் குரல்: "கூட்டிட்டுப் போறதுக்குத்தானுங்க அத்தை வந்தீங்க?"

"ஆமா கண்ணு. துணிமணியெல்லாம் ஏத்திக்க வேன் நிக்குது பாரு."

"அப்பத் தெறக்கலைங்க. கொழம்பைப் படியில வெச்சிருங்க."

"கேட்டயாடா? நாய்க்கு வெக்கறாப்பல வெச்சுட்டுப் போகோணுமாமா. நான் இந்த ஊட்ல பொறந்தவடா. தெறக்கச் சொல்லு அவள."

எங்கள் பக்கம் பெண்கள் தோட்டத்தில் பங்கு கேட்பதில்லை. அதற்குப் பதிலாக அவர்களுக்கு மிஞ்சுவது பிறந்த வீட்டு வாசல்தான். அதையும் ஒருத்தி அடைத்துவிட்டால் சாவு வரைக்கும் ஏச்சு நிற்காது. நாத்தனாரின் கோபத்தில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. மௌனிகாவின் தாழ்ப்பாளிலும்தான்.

சென்னிமலை என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். "இருங்க அக்கா" என்று வைத்துவிட்டு மகளைக் கூப்பிட்டார்.

"கண்ணு, பயமா இருக்குதா?"

"இல்லீங்கப்பா. சத்தமா இருக்குது."

"அத்தைகூடப் போறயா?"

"இல்லீங்கப்பா."

"சும்மா தெறந்து ஒரு வார்த்தை பேசிட்டு —"

"தெறந்தாக் கூட்டிட்டுப் போயிருவாங்க."

அவர் போனை வைத்தார். போயிருவாங்க என்பது அவருக்குத் தெரியாதா? பிறகு அக்காவைக் கூப்பிட்டார்.

"புள்ள வேண்டாங்குதுங்க அக்கா. அவ அங்கயே இருக்கட்டும். உங்ககிட்ட முன்னாலயே சொல்லாதது என்ற தப்பு. நீங்க ஊட்டுக்குப் போங்க."

போனை வைத்துவிட்டு, எனக்காக ஊற்றிய தண்ணீரை அவரே குடித்தார். எனக்குத் தாகம்கூட எடுக்கவில்லை.

ஜூன் 23

குழம்பைச் சாப்பிட்டாளாம். உப்பு ஜாஸ்தியாம். அதை அத்தைக்கு வாட்ஸ்அப்பில் தெரிவித்தும் விட்டாளாம்.

ஜூன் 27

வீட்டுக்கு வந்தாயிற்று. வீடு இருந்த இடத்திலேயே இருக்கிறது. வாரம் முழுக்க உருளைக்கிழங்கும் தயிர்ச் சோறும். பால் பாத்திரம் ஒன்று கரிந்திருக்கிறது. கேஸை மூடி, ஜன்னலைத் திறந்துவிட்டு, சித்ராவுக்குப் போன் செய்திருக்கிறாள். "வர வேண்டாங்க, சும்மா சொல்லலாம்னு" என்றாளாம். நானும் எத்தனையோ தடவை பாலைக் கரிய விட்டிருக்கிறேன். அதற்காக என்னை யாரும் நாத்தனார் வீட்டுக்கு அனுப்பிவைக்கவில்லை.

எங்களைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டாள் என்றே நினைக்கிறேன். கொஞ்ச நேரம் கழித்து, "அடுத்து எப்பங்க போவீங்க?" என்று கேட்டாள்.

படுக்கையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன். சிரித்தால் தையல் வலிக்கிறது.

ஜூலை 20

நாத்தனார் எங்களோடு பேசுவதில்லை. சென்னிமலை மட்டும் ஞாயிற்றுக்கிழமைதோறும் போய் உட்கார்ந்துவிட்டு வருகிறார். காப்பி வருகிறதாம், சர்க்கரை இல்லாமல். அதையும் குடித்துவிட்டு வருகிறார். ஊருக்குள், நாங்கள் பெண்ணை வீட்டுக்குள் பூட்டிவைத்துவிட்டுப் போனதாக ஒரு பேச்சு. பூட்டியது அவள்தான் என்று விளக்கினேன். அது இன்னும் மோசம் என்றார்கள்.

செப்டம்பர் 6

வண்டிப்பெரியார், தேயிலை மலை. என்னோடு வேலை பார்த்த அன்னமேரி டீச்சர் ஓய்வுபெற்று இங்கே வந்துவிட்டார். ரொம்ப நாளாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நானும் சென்னிமலையும் நேற்று வந்தோம். மௌனிகா பிறந்த பிறகு, ஆஸ்பத்திரியைத் தவிர நாங்கள் இருவரும் சேர்ந்து வெளியூரில் தங்குவது இதுவே முதல் தடவை. என்ன பேசிக்கொள்வது என்று தெரியவில்லை. தேயிலையைப் பற்றிப் பேசினோம். எங்களுக்குத் தேயிலையைப் பற்றி ஒன்றும் தெரியாது.

மத்தியானம், வீட்டில் தனியாக இருக்கும் மௌனிகாவே போன் செய்தாள்.

"அத்தை போன் பண்ணுனாங்க. வரட்டுமான்னு கேட்டாங்க."

சென்னிமலை டம்ளரைக் கீழே வைத்தார். "கேட்டாங்களா? நீ என்ன சொன்ன?"

"இன்னிக்குத் தலை குளிக்கறேன், நாளைக்கு வாங்கன்னு சொன்னேன்."

"அதுக்கு?"

"சரின்னாங்க."

சென்னிமலை அன்னமேரியிடம் இன்னொரு டீ கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, சாயங்காலம் வரை தூங்கினார்.