பதினான்காவது கட்டத்தில் ஓர் எண்

புதன்கிழமை, மாலை

அன்பு மகள் சின்னுவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உடம்பளவில் நலம். நீயும் மாப்பிள்ளையும் நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்பிக்கொண்டுதான் எழுதுகிறேன். பத்து நாளைக்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கூப்பிட்டபோது என்னப்பா குரல் ஒரு மாதிரி இருக்கு என்று கேட்டாய், நான் ஜலதோஷம் என்றேன், அது பொய். மணி அடித்ததும் வேலை நடக்கிற ஏரிக்கரையிலிருந்துதான் கூப்பிடுகிறார்கள் என்று பயந்துபோய் எடுத்தேன், உன் குரல்தான் என்று தெரிந்த பிறகும் அந்தப் பயம் போகவில்லை. போன ஞாயிறு அம்மாவையே பேசவிட்டு நான் குளியலறைக்குள் போய்விட்டேன். போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் வைத்துவிடுவேன், அதனால் காகிதத்தில் சொல்கிறேன். வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் படிக்காதே, உட்கார்ந்து படி.

என்னைப் பற்றி உனக்குத் தெரியும். கேஸை மூடினோமா என்று தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பார்க்கிற ஆள், உன் மாமா எனக்கு வைத்த பெயரே மூணு பூட்டு. இப்படிப்பட்டவனைத்தான் போன வருஷம் பூங்கா அலுவலகத்தில் அனுமதிப் பிரிவில் உட்கார வைத்தார்கள். ஓட்டப்பந்தயம், நாய்க் கண்காட்சி, சினிமா படப்பிடிப்பு என்று வந்த விண்ணப்பங்களுக்கெல்லாம் கையெழுத்துப் போட்டுக் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தேன், பெரிய பூங்காவின் ஏரிக் கோப்பு வந்து சேர்ந்தது. ஏரி முழுக்க ஆகாயத்தாமரை, அடியில் இடுப்பளவு கறுப்புச் சேறு, கோடையில் மீன்கள் வயிறு மேலாக மிதந்தன. தண்ணீரை இறக்கிச் சேற்றை வாரி, பழையபடி கோரையை நட்டால்தான் ஏரி பிழைக்கும். ஆனால் அந்தச் சேற்றுக்குள்தான் கழுத்தில் மஞ்சள் கோடு போட்ட ஆமை குடியிருக்கிறது. சட்டம் போட்டுப் பாதுகாக்கிற இனம், கையால் தொடவே எங்கள் அனுமதி வேண்டும். ஆமைகளை எண்ணிக் குறித்துவைக்கிற பெண் ஒருத்தி இருக்கிறாள், உன் வயதுதான் இருக்கும், ஆபீஸில் எல்லோருக்கும் அவள் ஆமைக்காரம்மா. அவள் எண்ணியபடி மொத்தம் இருபத்தாறு.

விண்ணப்பத்தில் பதினான்காவது கட்டம் என்று ஒன்று உண்டு. பணியின்போது உயிரிழக்க அனுமதிக்கப்படும் எண்ணிக்கை, இதுதான் அதன் தலைப்பு. அதை நான் நிரப்ப வேண்டும். எத்தனை சாகலாம் என்று நான் எழுத வேண்டும் சின்னு. ஆமைக்காரம்மாவைக் கூப்பிட்டு, பூஜ்யம் என்று போட்டுவிடட்டுமா என்று கேட்டேன். பூஜ்யம்னு போட்டா ஒண்ணு செத்தாலும் வேலையை நிறுத்தணும் சார், பாதி தோண்டின ஏரி தோண்டாததைவிட மோசம், சும்மா விட்டாலும் மூணு வருஷத்துல இருபத்தாறும் போயிடும், அதுக்காக நீங்க பத்துன்னு போட்டா நான் சம்மதிக்க மாட்டேன் என்றாள். ஒரு மத்தியானம் முழுக்கப் பேனாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன், டிபன் பாக்ஸ் திறக்காமலே வீட்டுக்குத் திரும்பியது. கடைசியில் இரண்டு என்று எழுதினேன். ஒன்று எழுதப் பயம், மூன்று எழுதவும் பயம், அவ்வளவுதான்.

இருபது ஆமைகளை வலை போட்டுப் பிடித்து நர்சரிக்குப் பின்னால் தொட்டிகளில் விட்டார்கள், மிச்சம் ஆறும் சேற்றுக்குள் எங்கேயோ. பொக்லைன் இறங்கிய நாலாம் நாள் சக்கரச் சங்கிலிக்கு அடியில் ஒன்று போனது. ஒன்பதாம் நாள் இன்னொன்று, பக்கெட் பட்டு ஓடு இரண்டாகப் பிளந்திருந்தது. நான் எழுதிய எண் தீர்ந்துவிட்டது, இன்னும் ஒன்று போனால் வேலையை நிறுத்த வேண்டும். அதற்குப் பிறகு சோறு இறங்கவில்லை. ஆபீஸ் போகும் முன் கரையில் நிற்பேன், சாயங்காலம் வந்து நிற்பேன், பக்கெட் கீழே இறங்கும்போதெல்லாம் என் கால் பெருவிரல் தானாக மடங்கிக்கொள்ளும். ஆமைக்கே இல்லாத ரத்தக்கொதிப்பு உங்களுக்கு எதுக்கு என்று உன் அம்மா திட்டினாள், ஆனால் அவளே ஒரு நாள் குடையை எடுத்துக்கொண்டு என்னோடு வந்து நின்றாள்.

நீ பேசிய ஞாயிற்றுக்கு மறுநாள், நடுப்பகலில் பொக்லைன் டிரைவர் கூப்பிட்டார். சார், ஒண்ணு கிடைச்சிருக்கு, கொஞ்சம் வாங்க என்றார். ஓடினேன். தன் துண்டை நனைத்து அதில் சுற்றி மடியில் வைத்திருந்தார், ஓட்டில் ஒரு கீறல் இல்லை, கால் நாலும் துவண்டு தொங்கின. பக்கத்தில் நின்ற மேஸ்திரி, இது முன்னாடியே செத்துக் கிடந்ததுன்னு எழுதிடுங்க சார், இன்னும் நாலே நாள் வேலை, மழை வேற வருது, இப்ப நிறுத்தினா தோண்டின கரை அப்படியே சரிஞ்சு உள்ள இருக்கிற மிச்சத்தையும் மூடிடும் என்றார். அவர் சொன்னதில் தப்பு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. வேலைக்கு முன்பே செத்தது என் எண்ணில் சேராது, யாரும் கேட்கப் போவதும் இல்லை. உன்னிடம் மறைக்க மாட்டேன், சரி என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். அப்போது டிரைவர், பக்கெட்டை இறக்குறப்ப ஏதோ தட்டுப்பட்டுச்சு சார், நான்தான் என்றார், தலையை நிமிர்த்தாமலே. அதைக் கேட்ட பிறகு என் வாயிலிருந்து சரி வரவில்லை. பொக்லைன் சங்கிலி மேலேயே காகிதத்தை வைத்து நிறுத்த உத்தரவு எழுதினேன்.

ஆமைக்காரம்மா வந்து அதைத் தலைகீழாகச் சாய்த்து, கழுத்தை மெல்ல இழுத்து, உள்ளே போயிருந்த தண்ணீரை வடித்தாள். மூழ்கின ஆமை செத்தது மாதிரியே கிடக்கும் சார், ஒரு நாள் பொறுத்துத்தான் சொல்ல முடியும் என்றாள். என் அறையில் ஈரச் சாக்கு விரித்த பெட்டியில் வைத்தோம். மறுநாள் காலை நான் கதவைத் திறந்தபோது அது பெட்டியின் மூலையை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தது. சந்தோஷப்பட்டேன் என்று நினைக்காதே. சாகாத ஆமைக்காக வேலையை நிறுத்தியவன் நான். உத்தரவை நீக்க இயக்குநரிடம் ஓடினேன். ஒரு நாள் பொறுத்திருந்து எழுதியிருக்கக் கூடாதா என்று அந்த அம்மாள் கேட்டார், மேலிடத்துக்குக் கோப்பு போய்த் திரும்ப வேண்டும் என்றார், அது திரும்புவதற்குள் மழை வந்துவிட்டது. இரண்டு நாள் விடாத மழை. வியாழக்கிழமை காலையில் போய்ப் பார்த்தால் கிழக்குக் கரை மேஸ்திரி சொன்னபடியே ஒரு வீட்டு அகலத்துக்குச் சரிந்து கிடந்தது. அடியில் இன்னும் மூன்று ஆமைகள்.

அன்று முதல் தேடுவதற்கு மட்டும், மிஷின் வேண்டாம் என்று எழுதி, மண்வெட்டியும் கையுமாக ஆட்களை இறக்கினோம். நானும் பேண்டை மடித்துக்கொண்டு இறங்கினேன், மேஸ்திரி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார், ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை, பேசியிருந்தால் தேவலை. சேற்றுக்குள் கையை விடும்போது எதுவும் தட்டுப்படக் கூடாது என்றும் பயம், தட்டுப்படாமல் போய்விடுமோ என்றும் பயம். வெள்ளிக்கிழமை ஒன்றைக் கண்டுபிடித்தோம், திங்கட்கிழமை இன்னொன்று, இரண்டும் உயிரோடு. மூன்றாவது கிடைக்கவே இல்லை. நேற்று மாலை ஆமைக்காரம்மா தொட்டிகளைப் பார்த்துவிட்டு வந்து, ஓட்டுல புண்ணு வர ஆரம்பிச்சிடுச்சு சார், இதுக்கு மேல தொட்டியில வெச்சா இருபத்துமூணுக்கும் ஆபத்து, ஏரிக்குத் தண்ணியை விட்டாகணும் என்றாள். தண்ணீர் விட்டுவிட்டால் அப்புறம் தேட முடியாது. அதற்கும் என் கையெழுத்துதான். இயக்குநர், கரையேறிப் போயிருக்கலாம்னு ஒரு வரி சேர்த்துக்குங்க, உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன் என்றார். நான் கிடைக்கவில்லை என்று மட்டும் எழுதினேன். அதன் கீழே கையெழுத்தும் போட்டேன்.

இன்று காலை மதகைத் திறந்தார்கள். சரிந்த இடத்துக்கு எதிரே போய் நின்றேன். தண்ணீர் அவசரமே இல்லாமல் வந்தது, முதலில் எங்கள் கால் பதிந்த குழிகள் நிரம்பின, பிறகு நாங்கள் வெட்டிப்போட்ட மண் வரப்பு, பிறகு அந்த இடமே எது என்று தெரியவில்லை. டிரைவர் லாரியில் மிஷினை ஏற்றிவிட்டு வந்து, வரேன் சார் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அங்கிருந்து ஆபீஸ் போகாமல் வீட்டுக்கு வந்து படுத்தேன், சாயங்காலம் எழுந்து இதை எழுத உட்கார்ந்தேன்.

வருகிற திங்கட்கிழமை என்னை விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். சரிந்த கரைக்கு யார் பொறுப்பு என்று கேட்பார்கள். நான்தான் என்று சொல்வேன், அதைக் கடைசி வரை சொல்லி முடிப்பேனா என்பதுதான் பயம். அம்மா வாசலில் உட்கார்ந்திருப்பேன் என்கிறாள், ஆபீஸ் வாசலில் எதுக்கடி என்றால் கேட்கவில்லை. நீ லீவு போட்டுவிட்டு ஓடிவர வேண்டாம், வேலைதான் போகும், வேறொன்றும் போகாது. கால்சியம் மாத்திரையை நிறுத்திவிட்டாயாமே, மாப்பிள்ளை சொன்னார், அது கூடாது. மழைக்காலத்தில் சைக்கிளில் போகாதே. நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட காலம் நன்றாக இருக்க அம்மாவும் நானும் மனதார வாழ்த்துகிறோம். திங்கட்கிழமை பதினோரு மணிக்கு என்னைக் கொஞ்சம் நினைத்துக்கொள்.

உன் அன்பு அப்பா